கையெழுத்து யாருடையது? கோவை, திருப்பூர் வட்டார நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு, வணக்கம்.

பம்பு, வார்ப்படம், நூற்பாலை, பின்னலாடை என்று இரண்டு மூன்று தலைமுறைகளாகத் தொழில் நடத்திவரும் உங்களுக்கு, இதே ஊரில் 26 ஆண்டுகள் பணியாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண் எழுதும் மடல் இது. சில வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு வரைவுக் கொள்கை வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்கு வேண்டும் என்று அவசரமாகத் தயாரித்தது. ஒருமுறை படித்துத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார்கள். அதன் முதல் விதி ஒரே வரி: நிறுவனத்தில் பணிபுரிவோர் தங்களுக்குள் காதல் உறவு கொள்வது தடைசெய்யப்படுகிறது, மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர். அந்த வரியை அடித்துவிட்டு அதனிடத்தில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோது, ஓரக்குறிப்பில் அடங்குகிற விஷயமாக அது இல்லை. உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரே நிலையில் வேலை செய்யும் இருவர் ஒருவரையொருவர் விரும்புவதில் நிறுவனத்துக்கு வேலை எதுவும் இல்லை. கணக்குப் பிரிவும் ஸ்டோர்ஸும் சம்பந்தம் செய்துகொண்ட கல்யாணங்கள் பலவற்றுக்கு நான் மொய் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்று பொறியியல் படிக்கிறார்கள். நான் பேச வந்தது வேறு. ஒருவருடைய விடுப்பையும் இடமாற்றத்தையும் ஊதிய உயர்வையும் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர், அதே ஒருவரோடு உறவில் இருக்கும்போது நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி. தடை என்று எழுதி வைப்பதால் உறவு நின்றுவிடுவதில்லை. மறைவுக்குப் போகிறது, அவ்வளவுதான். மறைவுக்குப் போனபின் அதைப் பற்றிக் கேட்கவோ சரிசெய்யவோ உங்களுக்கு வழி இருக்காது. மேலும், எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட பணிநீக்க விதி நடைமுறையில் யார் தலையில் விழும் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். ஏற்றுமதி ஆர்டர்களைக் கையில் வைத்திருக்கும் பொது மேலாளரை இதற்காக வீட்டுக்கு அனுப்பிய நிறுவனம் ஒன்றை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

ஏற்றுமதிப் பிரிவில் ஆவணங்கள் தயாரிக்கும் பெண் ஒருவர் இருந்தார். வயது 28 இருக்கும். கணவரைப் பிரிந்து பெற்றோருடன் வசித்துவந்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று எதை ஒப்படைத்தாலும் பிழை இருக்காது. எல்.சி.யில், அதாவது வாடிக்கையாளரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதத்தில், உள்ள வாசகத்துக்கும் ஆவணத்துக்கும் ஓர் எழுத்து வேறுபட்டால்கூட வங்கி பணத்தை நிறுத்தி வைத்துவிடும் என்பதை நீங்கள் பட்டறிந்திருப்பீர்கள். அவர் வந்த பிறகு எங்களுக்கு அந்தத் தொல்லை ஏறக்குறைய நின்றுபோனது. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பொது மேலாளருக்கும் அவருக்கும் இடையே உறவு இருப்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், தேநீர் கொண்டுபோகிற அண்ணன் அந்த அறைக் கதவை இரண்டு முறை தட்டத் தொடங்கினார். முன்பெல்லாம் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது தட்டு போதுமானதாக இருந்தது.

மார்ச் மாத இறுதியில் ஊதிய உயர்வுப் பட்டியல் வந்தது. பிரிவில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு 8 விழுக்காடு, அவருக்கு 15 விழுக்காடு. நிர்வாக இயக்குநரிடம் அந்தப் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். அவர் அந்த வரியில் சற்று நின்றார், பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த 15 விழுக்காடு அந்தப் பெண்ணுக்குத் தகும் என்பதில் இன்றைக்கும் எனக்கு ஐயமில்லை. வங்கியிலிருந்து திரும்பி வந்த ஆவணங்களின் எண்ணிக்கையை வைத்தே அதை மெய்ப்பித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்த யாருக்கும் அந்தக் கணக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. கேன்டீனில் அவர் தட்டோடு வந்து அமர்ந்தால் பேச்சு நின்றுவிடும்; பிறகு யாராவது சம்பந்தமில்லாமல் சிறுவாணித் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். உழைத்து வாங்கிய உயர்வு, வாங்கிய அன்றைக்கே அவருக்கு அவமானமாகிப் போனது. அவர் மீது உண்மையில் அன்பு வைத்திருந்த ஒருவர் அவருக்குச் செய்த கெடுதல் இது என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்த உறவு முறிந்தது. காரணம் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அலுவலக நேரம் ஒன்பது மணி; பத்து நிமிடம் வரை தாமதத்தைப் பொறுப்பது எங்கள் வழக்கம். அந்த ஜூன் மாதத்தில் அவருக்கு மூன்று மெமோக்கள் போயின: 9.04, 9.06, 9.03. அதே வாரங்களில் 9.20க்கு வந்த ஆண்கள் இருவருக்கு ஒன்றும் போகவில்லை. மூன்றிலும் கையெழுத்து பொது மேலாளருடையது, தட்டச்சு என்னுடையது. ஆகஸ்டில் நிர்வாக நலன் கருதி ஓசூர் கிடங்குக்கு மாற்றல் ஆணை வந்தது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். கிடங்கில் ஏற்றுமதி ஆவண வேலை எதுவும் கிடையாது. வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நிலையில் அவரால் போக முடியாது என்பது ஆணையில் கையெழுத்திட்டவருக்கு நன்றாகத் தெரியும்; அந்த அளவுக்கு அவருடைய குடும்பத்தை அறிந்தவர் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

ராஜினாமாக் கடிதத்தோடு அடையாள அட்டையையும் என் மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங் மேடம், நீங்கதானுங்களே அந்தக் கமிட்டிக்குத் தலைவர்? உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஆம், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைமைப் பொறுப்பாளராக 2014 முதல் என் பெயர்தான் அறிவிப்புப் பலகையில் இருந்தது. சட்டம் மூத்த நிலையில் உள்ள பெண் ஒருவரைத் தலைவராக நியமிக்கச் சொல்கிறது, எங்கள் நிறுவனத்தில் அந்தத் தகுதிக்கு இருந்தது நான் ஒருத்தி. என்னுடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் அதே பொது மேலாளரின் கையெழுத்துதான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு மாவட்ட அலுவலருக்குப் போன அறிக்கையில், பெறப்பட்ட புகார்கள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி அனுப்பினேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

இயக்குநர்களே, இந்தக் கதையை நல்லவர் கெட்டவர் கதையாக நீங்கள் படித்துவிடக் கூடாது. அந்தப் பொது மேலாளர் தொடக்கத்தில் யாரையும் மிரட்டவில்லை. அந்தப் பெண்ணும் விருப்பமில்லாமல் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உறவு நன்றாக இருந்த காலத்தில் அந்தக் கையெழுத்து அவருடைய பெயரைக் கெடுத்தது, முறிந்த பிறகு வேலையைக் கெடுத்தது. தொடக்கத்திலேயே அந்தக் கையெழுத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது, அவர்கள் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்பது அவர்கள் பாடு என்று நாம் இருந்திருக்கலாம். உங்களிடம் நான் கேட்பது அடிப்படையில் இந்த ஒன்றைத்தான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளைத் தொடர்ந்து வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இயற்றப்பட்டது. 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் எல்லா இடங்களுக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அந்தச் சட்டம் இருவரின் விருப்பத்தோடு அமைந்த உறவைக் குற்றம் என்று சொல்லவில்லை. விரும்பத்தகாத நடத்தை என்பதே அதன் அளவுகோல். ஆனால் வேலையில் சலுகை தருவதாக வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ காட்டும் ஆசை, பாதகம் செய்வதாகக் காட்டும் அச்சம், வேலை நிலையைப் பற்றிய மிரட்டல் ஆகியவை அத்தகைய நடத்தையோடு சேர்ந்திருந்தால் அது துன்புறுத்தலாகலாம் என்று மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நேற்று வரை விரும்பியவர் இன்று விரும்பவில்லை என்று சொன்ன பிறகும் தொடர்வது விரும்பத்தகாததுதான். பழைய சம்மதத்தைக் காட்டிப் புதிய வற்புறுத்தலை நியாயப்படுத்த முடியாது. இதை உங்கள் மேலாளர்களில் பலர் அறியவில்லை. வேலை அல்லது பதவி உயர்வு தருவதாகப் பொய் வாக்குறுதி கொடுத்து உடலுறவு கொள்வது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அதே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், நான் தலைவராக இருந்த காலத்தில் பலமுறை கண்ணோட்டிவிட்டுக் கடந்துபோன ஓர் இடம் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்த பெண் எழுத்துமூலம் கேட்டால், புகாருக்கு உள்ளானவர் அவருடைய பணித்திறனைப் பற்றி மதிப்பீடு எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறோர் அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். கையெழுத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு புகார் வந்த பிறகுதான் கிடைக்கும். புகாரோ கடைசி நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். காதல் கசந்து, மெமோ வந்து, மாற்றல் வந்து, அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த மாதங்கள் எப்படிக் கரையும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். புகாருக்குப் பிறகு சட்டம் தருகிற அந்த ஏற்பாட்டை, புகாரே இல்லாத காலத்தில், உறவு தொடங்கிய உடனேயே, நிறுவனத்தின் விதியாகக் கொண்டுவர உங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். உங்கள் மகனுக்கோ மருமகளுக்கோ நிறுவனத்தில் பதவி கொடுக்க வேண்டுமானால், கம்பெனிகள் சட்டம் 2013 அதைத் தொடர்புடையோர் பரிவர்த்தனை என்று கருதி இயக்குநர் குழுவின் முன் கொண்டுவரச் சொல்கிறது. உறவினர் யார் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பட்டியலே உண்டு: கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று போகிறது. காதலிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இந்த இடைவெளியைச் சட்டம் அடைக்காவிட்டாலும் நீங்கள் அடைக்கலாம்.

வெளியூர் உதாரணங்களை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக், பணியாளர் ஒருவருடன் இருவரின் விருப்பத்தோடு இருந்த உறவுக்காக 2019 நவம்பரில் பதவி இழந்தார். பெருந்தொகையோடு மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். மறு ஆண்டு, வேறு பணியாளர்களுடனான உறவுகளையும் அவர் மறைத்திருந்தார் என்றும் அவர்களில் ஒருவருக்கு லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள பங்குகள் வழங்க ஒப்புதல் கொடுத்திருந்தார் என்றும் கூறி நிறுவனமே வழக்குத் தொடுத்தது. 2021 டிசம்பரில் அவர் 10 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். அங்கேயும் கடைசியில் கேள்வியானது ஒரு கையெழுத்துதான். இந்தியாவில் பெரிய அளவில் இயங்கிய ஐகேட் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 2013 மே மாதத்தில் தன் தலைமை நிர்வாகியை நீக்கியபோது சொன்ன காரணம், கீழ்ப்பணியாளருடனான உறவை அவர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை என்பது. 2025 செப்டம்பரில் நெஸ்லே தன் தலைமை நிர்வாகி லோரன் ஃப்ரெக்ஸை நீக்கியதும் நேரடிக் கீழ்ப்பணியாளருடனான, தெரிவிக்கப்படாத உறவுக்காகத்தான். இந்த மூன்று இடங்களிலும் தலைமை நிர்வாகியிடம் கணக்குக் கேட்கும் வலிமையோடு ஓர் இயக்குநர் குழு இருந்தது. நம் ஊரில் நிர்வாக இயக்குநர் மகனாக இருப்பார், தலைவர் அப்பாவாக இருப்பார், மற்ற இருவர் சித்தப்பாவும் மாமாவுமாக இருப்பார்கள். தைப்பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள் இயக்குநர் குழுக் கூட்டத்தில் மட்டும் அன்னியராகிவிட முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, உள்ள நிலைமை இது.

அதனால்தான், உறவைத் தெரிவிக்க வேண்டும் என்று நீங்கள் விதி எழுதினால், யாரிடம் தெரிவிப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தெரிவிக்கும் கடமை மேல்நிலையில் இருப்பவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். கீழ்நிலையில் இருப்பவர் தெரிவிக்காததைக் குற்றமாக்கக் கூடாது. பதவியின் வலிமை யாரிடம் இருக்கிறதோ அவரே வாய் திறக்க வேண்டும். குடும்பத்தைச் சேராத ஓர் இயக்குநர், அல்லது தணிக்கைக் குழுத் தலைவர் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் ஒரே வாக்கியம்தான்: "இன்னாருடைய பணி மதிப்பீடு, விடுப்பு, ஊதியம், மாற்றல், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றிலிருந்து என்னை விடுவித்து வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்." காரணம் எழுத வேண்டியதில்லை. எப்போது தொடங்கியது, எங்கே சந்தித்தார்கள், கல்யாணம் உண்டா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமே இருக்கக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு நம் மண்ணுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் படிவங்களில் இருவரும் தங்கள் பெயரை எழுதி, உறவில் இருக்கிறோம் என்று கையொப்பமிட்டு, மனிதவளத் துறையில் கோப்பில் வைப்பார்கள். அந்தப் படிவத்தை அப்படியே இங்கே கொண்டுவர நினைப்பவர்கள், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்த சாதிக் கொலையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதி மாறி நேசிக்கும் இருவருடைய பெயர்கள் ஒரே தாளில் எழுதப்பட்டு, அந்தத் தாள் டைம் ஆபீஸ் மேசையில் ஒரு மதியம் கிடந்தால், மாலைக்குள் அது எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். பாலியல் புகார்களின் இரகசியத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. இப்படித் தாமாகத் தெரிவிக்கப்படும் செய்திக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அதை வெளியிடுபவர் மீது நடவடிக்கை என்பதை உங்கள் விதியிலேயே எழுதிவிடுங்கள்.

பொறுப்பை மாற்ற முடியாத அளவுக்குச் சிறிய பிரிவாக இருந்தால் யாராவது ஒருவர் இடம் மாறத்தான் வேண்டியிருக்கும். மாற வேண்டியவர் மேலே இருப்பவர். அவரால்தான் நிறுவனத்துக்கு ஆர்டர் வருகிறது என்பீர்கள். அவரை ஓசூருக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்தப் பிரிவின் மேற்பார்வையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள், ஆர்டர் வேலையை அவரே பார்க்கட்டும். கீழே இருப்பவர் தானே மாற்றல் கேட்டால், ஊதியமும் பதவியும் குறையாமல், இப்போது செய்கிற அதே வகை வேலையில் இடம் கொடுங்கள். ஆவணப் பிழையைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த ஒருவரைக் கிடங்கில் பெட்டி எண்ண வைப்பதற்கு மாற்றல் என்று பெயர் வைக்கக் கூடாது.

உறவு முறிந்த பிறகான காலம்தான் மிகவும் கவலைக்குரியது. எந்தக் கொள்கையிலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் நான் பார்த்ததில்லை. சேர்ந்திருக்கும்போது ஒப்படைத்த பொறுப்புகள், பிரிந்ததும் பழையபடி திரும்பி வந்துவிடக் கூடாது. குறைந்தது ஓர் ஆண்டுக்காவது, கீழ்நிலையில் இருப்பவருக்குப் போகும் எந்த மெமோவும் மாற்றல் ஆணையும் பணிநீக்கமும் அந்தக் குடும்பத்தைச் சேராத இயக்குநரின் பார்வைக்குப் போய்விட்டுத்தான் வெளியே போக வேண்டும். பணியாளர் துறையில் இருப்பவர் அதே தேதிகளின் வருகைப் பதிவு முழுவதையும் அதோடு இணைத்து அனுப்ப வேண்டும். அந்த ஜூன் மாதம் 9.20க்கு வந்த இருவருடைய பக்கத்தை மெமோவோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் நான் அதை வைத்திருப்பேன். விதி இல்லாதபோது துணிச்சல் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

சக பணியாளர்கள் வந்து முறையிடுவார்கள். அவர்கள் எழுதும் மொட்டைக் கடிதங்களில் யார் எந்தக் காரில் ஏறினார்கள் என்பதுதான் நிறைய இருக்கும். அதைப் படித்துவிட்டு விசாரணை என்ற பெயரில் அந்தப் பெண்ணை அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்ட அதிகாரிகளை நான் அறிவேன். முறையீட்டில் உள்ள சலுகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று ஆண்டு ஊதிய உயர்வு, பயணப்படி, ஓவர்டைம், விடுப்பு ஆகியவற்றை அதே பிரிவில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் அரை நாளில் விடை தெரிந்துவிடும். சலுகை இருந்தால் அதைக் கொடுத்தவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால், இல்லை என்பதை முறையிட்டவர்களுக்குச் சொல்லுங்கள்; அது அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக இருக்கும்.

மேலதிகாரியின் மனைவி அலுவலக வாசலுக்கு வந்து நிற்கும் நாளும் வரலாம். எனக்கு ஒருமுறை வந்தது. வரவேற்பறையில் வைத்துப் பேசாமல் தனி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் நிறுவனம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே நீக்கிவிட்டது. குடும்ப நீதிமன்றத்தின் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, மனைவியின் மனம் ஆறட்டும் என்பதற்காக அலுவலகத்தில் இருக்கும் பெண்ணை வெளியே அனுப்பினால், அதற்கும் நிர்வாக நலன் என்றுதான் எழுதுவீர்கள்.

மேலதிகாரி என்றதும் ஏசி அறையில் இருப்பவரை மட்டும் நினைத்துவிட வேண்டாம். தையல் லைனில் எந்த மெஷினில் யார் உட்காருவது, கழிப்பறைக்கு எப்போது போவது, ஓவர்டைம் யாருக்கு என்பதையெல்லாம் முடிவு செய்யும் சூப்பர்வைசர், அங்கே வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு உங்களைவிடப் பெரிய முதலாளி. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண் கொல்லப்பட்ட வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பிறகுதான் தொழிற்சங்கமும் உற்பத்தியாளரும் வாடிக்கையாளரும் சேர்ந்து, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. லைனில் மலரும் உறவு எல்லாம் இப்படி முடிவதில்லை. ஆனாலும் அந்த இடத்தில் சம்மதம் என்ற சொல்லை அலுவலகத்தில் எடுத்துக்கொள்வதைவிடப் பல மடங்கு எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசருக்கும் அவருடைய லைனில் இருப்பவருக்கும் இடையே உறவு என்று தெரிந்தால், ஒரு ஷிப்டுகூடத் தாமதிக்காமல் சூப்பர்வைசரின் லைனை மாற்றிவிட வேண்டும்.

உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டதுண்டு: நாளைக்கு மனக்கசப்பு வந்து அந்தப் பெண் புகார் கொடுத்துவிட்டால் எங்கள் ஆள் என்ன ஆவது? பொறுப்பை முன்பே ஒப்படைத்த ஆளுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. அவருடைய கையெழுத்தே எங்கும் இல்லாதபோது, சலுகை கொடுத்தார், பழிவாங்கினார் என்று யார் சொன்னாலும் தாள் அவருக்காகப் பேசும். மேலே இருப்பவர் பெண்ணாகவும் கீழே இருப்பவர் ஆணாகவும் இருந்தாலும் இதே விதிதான் பொருந்த வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது என்பதால் நிறுவனத்தின் விதி அங்கே நின்றுவிட வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது, எழுதத் தயங்கிய இடம். உறவில் இருப்பவர் நிறுவன உரிமையாளராகவே இருந்தால்? முதலாளி மீதான புகாரை நிறுவனத்தின் உள்ளகக் குழு விசாரிக்கச் சட்டமே எதிர்பார்க்கவில்லை; அது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். நான் பார்த்த அறிவிப்புப் பலகைகளில் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும், உள்ளூர்க் குழுவின் முகவரி இருக்காது. வங்கியில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற நிறுவனங்களும் முறையீட்டு வழிமுறை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. நடைமுறை மூலதனக் கடனிலேயே உங்களில் பலர் அந்த எல்லையைத் தாண்டியவர்கள். அந்த வழிமுறையைக் கவனிக்கும் இயக்குநரின் தொலைபேசி எண் கேன்டீன் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாளிகளே தங்கள் மீது இந்த விதியை எழுதிக்கொள்வார்களா என்று கேட்டால், சிலர் எழுதிக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன். வரைவை அனுப்பிய அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், தன் பதவியையும் விதியில் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, சேருங்கள் என்றார்.

ஏப்ரல் மாத ஊதிய உயர்வுப் பட்டியல்கள் கையெழுத்துக்கு வரும் முன், உங்கள் உள்ளகக் குழுத் தலைவரின் சொந்த மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதில் கையெழுத்திடுபவர் யார், அவர் மீது புகார் வந்தால் அந்த அம்மையார் எங்கே போய் நிற்பார் என்று பாருங்கள். அந்தப் படிவத்தை மட்டுமாவது இந்த ஆண்டு குடும்பத்தைச் சேராத ஓர் இயக்குநரின் மேசைக்கு மாற்றிவிடுங்கள். திருத்திய வரைவு என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை மேலாளர்,
கோயம்புத்தூர்.